அம்மாவோடு இருந்து பார்த்த சீரீஸ்கள்

"நல்ல சீரீஸ் ஏதும் இருந்தா சொல்லுங்கோ" என்று இந்த மாதம் மட்டும் நாலு பேர் இன்பொக்ஸில் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதாமல் இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் எங்கள் வீடு. கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட். அம்மாவுக்கு 74 வயது. ஆங்கிலம் வாசிப்பா, ஆனால் திரைக்கு அடியில் ஓடும் எழுத்தை அவவின் கண்ணால் எட்டிப்பிடிக்க ஏலாது. மகளுக்கு 15, ஆங்கில மொழிமூலம் படிக்கிறாள். தமிழ் கதைப்பாள், ஆனால் பாதி வசனத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். நான் வேலையால் வீடு வந்து சேர ஏழு மணியாகும். அதற்குப் பிறகு ஒரே ஹோலில் மூன்று பேரும் மூன்று திரை. அம்மாவுக்கு மெகா சீரியல், மகளுக்கு ஃபோன், எனக்கு லப்டொப். இதை மாற்றியது ஒரு கொரியத் தொடர்.

"வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரீன்ஸ்". நெட்பிளிக்ஸில் 2025 மார்ச்சில் வந்தது, 16 எபிசோட். ஜேஜூ தீவில் பிறந்த ஏ-சுன் என்ற பெண்ணின் வாழ்க்கை, சின்ன வயதிலிருந்து கிழவியாகும் வரைக்கும். அவளுடைய தாய் மூச்சடக்கிக் கடலுக்கு அடியில் போய் சிப்பி எடுக்கும் பெண்களில் ஒருத்தி. இளவயது ஏ-சுன்னாக ஐயூ, அவளையே சுற்றிவரும் குவான்-சிக்காக பார்க் போ-கம். நான் தனியாகத்தான் தொடங்கினேன். பக்கத்தில் இருந்த அம்மா, "இது ஒஷின் மாதிரிக் கிடக்கு" என்றா. எண்பதுகளில் ரூபவாஹினியில் போன ஜப்பான் தொடரை என் அம்மாவின் வயதுக்காரர் யாரும் மறக்கவில்லை. அதோடு தன்னுடைய சீரியலை நிற்பாட்டிவிட்டு இந்தப் பக்கம் திரும்பி இருந்துவிட்டா.

சப்டைட்டிலை யார் வாசித்துச் சொல்வது? நான் இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன், தொண்டை கட்டிவிட்டது. மூன்றாம் நாள் மகள் பொறுப்பெடுத்தாள். "அங்கிள் வீட்டில அவளுக்கு மீன் குடுக்கேல்லயாம்" என்றாள். அம்மா விடவில்லை. "எந்த அங்கிள்? சித்தப்பாவோ, பெரியப்பாவோ, மாமாவோ?" மகள் படத்தை நிறுத்தி, பின்னுக்குப் போய், அது தகப்பன் வழிச் சொந்தம் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அம்மா, "ஓ, அதுதான்" என்று கோபப்பட்டா. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போகிற உறவை எங்கள் மொழி பலவாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பதை என் மகள் ஒரு கொரியத் தொடரில்தான் படித்தாள். 16 எபிசோட் முடிகிறபோது அவளுடைய தமிழில் வந்திருந்த மாற்றத்தை நான் எந்த ரியூசனுக்கு அனுப்பியும் பெற்றிருக்க மாட்டேன்.

அதில் ஒரு காட்சி. குவான்-சிக்கின் வீட்டில் ஆண்களுக்கு ஒரு சாப்பாட்டு மேசை, பெண்களுக்கு வேறு மேசை. கல்யாணமாகி வந்த ஏ-சுன் பெண்களோடு ஒதுங்கி இருக்கிறாள். ஆண்களோடு இருந்த அவன் ஒன்றும் பேசாமல், இருந்த இடத்திலேயே உடம்பைத் திருப்பி, மனைவியின் பக்கம் பார்த்தபடி சாப்பிடத் தொடங்குகிறான். அவ்வளவுதான். முதுகைத் திருப்பியது ஒரு புரட்சி. மகள் அதை மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அம்மா கன நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "உன்ர அப்பா ஒருநாளும் அப்பிடித் திரும்பேல்ல" என்றா. குரலில் கோபமில்லை. அப்பா போய் ஒன்பது வருசம். எல்லாரும் சாப்பிட்டு முடிந்த பிறகு குசினிக்குள் நின்றபடி சாப்பிட்ட அம்மாவை நான் எத்தனை வருசம் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி அவ வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சீரீஸைத் தெரிவு செய்ய இது ஒன்றே அளவு: எபிசோட் முடிந்த பிறகு வீட்டில் இருக்கிற ஆக்கள் கதைக்கிறார்களா?

அந்த அளவில் தமிழில் எனக்கு முதலாவது "அயலி". ஸீ ஃபைவில் 2023 ஜனவரியில் வந்தது, முத்துக்குமார் இயக்கியது, எட்டு எபிசோட். 1990 இல் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். பெண்பிள்ளை பெரியவளானால் பள்ளிக்கூடம் நிற்கும், கல்யாணம் நடக்கும். அதனால் அங்கே எந்தப் பெண்ணும் பத்தாம் வகுப்பைக் கண்டதில்லை. டொக்டராக வேண்டும் என்று நினைக்கும் தமிழ்ச்செல்வி தான் வயதுக்கு வந்ததையே ஒளிக்கிறாள். அபி நட்சத்திரா என்ற பிள்ளையின் நடிப்பைப் பாருங்கோ. பயமும் பிடிவாதமும் ஒரே முகத்தில். தாயாக வரும் அனுமோலும் அப்படித்தான்.

இது இந்தியாவில், அந்தக் காலத்தில் என்று நாங்கள் ஒதுங்க ஏலாது. எங்கள் ஆக்கள் படிப்பை நிற்பாட்டுவதில்லை, உண்மை. ஆனால் பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடுகிற சாமத்திய வீடு? என் மகள் வேண்டாம் என்று அழுதாள். சொந்தக்காரர் என்ன சொல்லுவினம் என்று நாங்கள் ஹோல் எடுத்து, காட் அடித்து, 200 பேருக்குச் சாப்பாடு போட்டோம். "அயலி" மூன்றாவது எபிசோட் முடிய அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, எனக்கு நடந்ததை ஏன் எல்லாருக்கும் சொன்னனீங்கள்?" என்னிடம் பதில் இல்லை. பிழை என்று ஒத்துக்கொண்டேன், மன்னிப்புக் கேட்டேன். பெண்பிள்ளை உள்ள வீடுகள் ஹோலுக்கு முற்பணம் கட்ட முதல் இதைப் பிள்ளையோடு இருந்து பாருங்கோ. இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

"வதந்தி" அமேசன் பிரைமில் இருக்கிறது. 2022 டிசம்பர், அன்ட்ரூ லூயிஸ் இயக்கம், எட்டு எபிசோட். வெலோனி என்ற பெண் இறந்துபோகிறாள், விசாரிக்கிற பொலிஸ்காரராக எஸ்.ஜே. சூர்யா. கொலைகாரன் யார் என்பதை விட, இறந்தவளைப் பற்றி ஊரும் பத்திரிகையும் கட்டுகிற கதைகள்தான் நெஞ்சை அடைக்கும். ஆளுக்கொரு வெலோனி. மாடி வீடுகளில் லிஃப்டுக்குள் பரவுகிற கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது நன்றாக விளங்கும். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சும் காதுக்கு இதம்.

புஷ்கர், காயத்ரி எழுதிய "சுழல்" 2022 ஜூனில் வந்தபோது இங்கே பொருளாதார நெருக்கடியில் நாடு இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். மின்வெட்டு நேரம் பார்ப்பதற்காக வேலை செய்யும் இடத்தில் எபிசோட்டுகளை ஃபோனில் இறக்கி வைத்துக்கொண்டு வருவேன். அதைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து, இருட்டுக்குள் பார்த்த தொடர் அது. மயானக் கொள்ளைத் திருவிழாவின் பறையும் வேசமும் அந்தச் சின்னத் திரையிலேயே மயிர்க்கூச்செறிய வைத்தது. ஸ்ரேயா ரெட்டியின் இன்ஸ்பெக்டரை மறக்க ஏலாது. ஆனால் சிறுபிள்ளைகளோடு பார்க்க முதல் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கோ. 2025 இல் வந்த இரண்டாம் பருவம் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை.

"த ஃபமிலி மான்" பற்றியும் கேட்கிறார்கள். முதல் பருவம் நல்ல விறுவிறுப்பு. இலங்கைத் தமிழ்ப் போராளிகள் வருகிற, 2021 இல் வந்த இரண்டாம் பருவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மனோஜ் பாஜ்பாயும் சமந்தாவும் நன்றாக உழைத்திருக்கிறார்கள். வர முதலே தமிழக அரசு தடை கேட்டு ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதிய தொடர் அது. நான் தடை கேட்கவில்லை. என் மனக்குறை வேறு. எங்கள் பேச்சு என்று அதில் வருவது என் காதில் எங்கள் பேச்சாக விழவில்லை. எங்கள் பெண்கள் பட்டதெல்லாம் ஒரு சண்டைக் கதைக்குக் காரணமாகச் சுருங்கிப்போனது. அம்மா இரண்டாவது எபிசோட்டில் எழும்பிக் குசினிக்குள் போனவ திரும்பி வரவில்லை. ஜேஜூவின் ஒரு மீன் துண்டுக்குக் கொடுத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கை எங்களுக்கு யாராவது கொடுக்கமாட்டார்களா என்று இருக்கிறது.

"பஞ்சாயத்" பிரைமில், 2020 இலிருந்து நாலு பருவம். வட இந்தியக் கிராமத்தில் வேலைக்குப் போகும் ஒரு பட்டணத்துப் பெடியன். அம்மா அவனை "ஜீ.எஸ்." என்றுதான் சொல்லுறா, எங்கள் கிராம சேவகரை நினைத்து. இதைத் தமிழில் "தலைவெட்டியான் பாளையம்" என்று "மர்மதேசம்" நாகா எடுத்தார். ஹிந்தி பிடிபடாதவர்கள் அதைப் பாருங்கோ, ஆனால் மூலத்தின் நிதானம் வேறு. "டார்க்" ஜெர்மன் தொடர், மூன்று பருவம், 26 எபிசோட். பக்கத்தில் கொப்பியும் பேனையும் வைத்து யார் யாருக்குப் பிள்ளை என்று எழுதிக்கொண்டு பாருங்கோ. அம்மாவுக்கு ஒத்துவராது.

பதின்மவயதுப் பிள்ளை இருந்தால் "அடொலசென்ஸ்" கட்டாயம். நெட்பிளிக்ஸ், 2025, நாலே எபிசோட். ஒவ்வொன்றும் கமெராவை வெட்டாமல் ஒரே மூச்சில் எடுத்தது. விடியற்காலை பொலிஸ் கதவை உடைத்து 13 வயதுப் பெடியனைக் கொலைக் குற்றச்சாட்டில் பிடித்துக்கொண்டு போகிறது. அந்தப் பெடியன் ஓவன் கூப்பர். மூன்றாவது எபிசோட் முழுக்க அவனும் ஓர் உளவியலாளரும் ஓர் அறையில் இருந்து கதைப்பதுதான். அவன் சிரிக்கிறபோது எனக்கு வயிறு பிசைந்தது. ஆண்பிள்ளைகளுக்குப் பெண்கள் மேல் வெறுப்பை ஊட்டுகிற இணையப் பேச்சு எப்படி ஒரு சாதாரண வீட்டின் அறைக்குள் வந்து உட்காருகிறது என்பதுதான் கதை. எமோஜிகளின் அர்த்தத்தைப் பொலிஸ்காரருக்கு அவருடைய மகன் விளக்குகிற இடத்தில் என் மகள் படத்தை நிறுத்தி, "உங்களுக்கும் தெரியாதுதானே?" என்று கேட்டாள். தெரியாது. அரை மணித்தியாலம் சொல்லித்தந்தாள். தன் வகுப்பில் நடப்பதையும் சேர்த்து.

காசு விசயம். நெட்பிளிக்ஸ் டொலரில் கழிபடுகிறது. 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியபோது நாங்கள் எல்லாவற்றையும் நிற்பாட்டினோம். இப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டு மாதம் நெட்பிளிக்ஸ், பிறகு அதை நிற்பாட்டி பிரைம். பார்க்க வேண்டியவற்றை முதலே எழுதி வைத்திருப்போம். நாளுக்கு ஒரு எபிசோட், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டு பார்த்தால் கதைக்க நேரம் இல்லாமல் போகும்.

இப்போது போவது "த ரயில்வே மென்", நாலு எபிசோட். 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்த இரவில் ரயில் நிலையத்தில் இருந்தவர்களின் கதை. நேற்று முதலாவது. மகள் "காஸ் லீக்" என்று வாசிக்க, அம்மா "வாயுக்கசிவு" என்று திருத்தினா. இன்றைக்கு நான் இதை எழுதிக்கொண்டு இருக்க, இருவரும் ஹோலில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, "வாறியோ இல்லையோ?" என்று கூப்பிடுகிறார்கள்.