அந்த விலையை யாராவது கொடுத்துத்தான் தொலைக்கிறார்கள்

2022 மே மாதம், அமேசானில் ஒரு சாதாரண பிளாஸ்டிக் பக்கெட்டுக்கு 25,999 ரூபாய் என்று போட்டிருந்த படம் ஊரெல்லாம் சுற்றியது ஞாபகம் இருக்கும். 35,900 ரூபாயிலிருந்து 28 சதவீதத் தள்ளுபடி வேறு. பார்த்தவர்கள் சிரித்துவிட்டுக் கடந்துபோனார்கள். எனக்கு இது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை.

இந்த விலைகளைப் பல நேரம் மனிதர்கள் போடுவதே இல்லை. 2011இல் ஈயைப் பற்றிய ஓர் உயிரியல் புத்தகத்தின் விலை அமேசானில் சுமார் 2.37 கோடி டாலர் வரை ஏறியது. இரண்டு கடைகள், இரண்டும் விலையை மென்பொருளிடம் விட்டிருந்தன. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சூண்டு குறைத்துப் போடும். மற்றது இதைப்போல 1.27 மடங்கு ஏற்றிப் போடும். இப்படியே மாறி மாறி ஏறியது. இதைக் கவனித்து எழுதிய உயிரியலாளர் மைக்கேல் ஐசன், ஏற்றிப் போட்ட கடையிடம் புத்தகமே இருந்திருக்காது, ஆர்டர் வந்தால் மற்ற கடையில் வாங்கி அனுப்பும் திட்டமாக இருக்கும் என்று ஊகித்தார்.

சரக்கு தீர்ந்துபோன வியாபாரியும் விலையை ஏற்றுவார். 'இருப்பு இல்லை' என்று போட்டால் தேடலில் பின்னுக்குப் போய்விடுமோ என்ற பயம். யாரும் வாங்காத விலையைப் போட்டு இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்.

ஆனால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதுதான் பொய்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெரு அம்மா ஒருவருக்கு மிக்ஸி கப்ளர், அதாவது ஜாரை மோட்டாரோடு இணைக்கும் சின்னத் துண்டு, தேய்ந்துவிட்டது. துபாயில் இருக்கும் மகனிடம் போனில் சொல்ல, அவர் அங்கிருந்தே 649 ரூபாய்க்கு ஆர்டர் போட்டுவிட்டார். இங்கே லாரன்ஸ் ரோட்டுக் கடையில் கேட்டால் நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும், கடைக்காரரே மாட்டியும் கொடுத்திருப்பார். பார்சலைப் பிரித்தால் உள்ளே வேறொரு கடையின் பில். உறையில் அச்சிட்ட எம்ஆர்பி 60 ரூபாய். அந்த அம்மா அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகனிடம் சொல்லவேண்டாம் என்றார். உள்ளூர் விலை தெரியாமல், தூரத்திலிருந்து அம்மாவுக்கு வாங்கித் தருகிற பிள்ளைகள்தான் இதில் மாட்டுகிறார்கள். எனக்கு ஆத்திரமே அதுதான்.

அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் விற்பது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றம். 2018 ஜனவரியிலிருந்து ஆன்லைன் பக்கத்திலும் எம்ஆர்பியைக் காட்டியாக வேண்டும். ஓட்டை எங்கே என்றால், பக்கெட் மாதிரிப் பொருட்களுக்கு அந்த எம்ஆர்பியே எவ்வளவு இருக்கலாம் என்று யாரும் வரம்பு போடவில்லை. தயாரிப்பவரோ இறக்குமதி செய்பவரோ எழுதுவதுதான் விலை. 35,900 என்று எழுதிவிட்டு அதை அடித்துக் காட்டினால் தள்ளுபடி.

விற்பவரை மட்டும் திட்டிப் பயனில்லை. அதே பொருளை மற்றவர்கள் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பது தளத்துக்குத் தெரியாதா? பத்து மடங்கு விலை வந்தால் நிறுத்தி வைத்து, விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்பது அவர்களுக்குப் பெரிய வேலையா? பல பொருட்களுக்கு விற்ற விலையில் சதவீதக் கணக்கில் கமிஷன் வருவதால், ஏமாந்தவர் கொடுத்த பணத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. அதனால் பொறுப்பும் உண்டு என்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். எம்ஆர்பி தெரியும்படி ஒரு படம், ஆர்டர் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915க்குப் போன் போடுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம்.