விலகும் வழியை ஒளிக்காதீர்கள்

மின்னஞ்சலில் விளம்பர மடல் அனுப்புவது எப்படி என்று சொல்லும் ஒரு கட்டுரையைப் படித்தேன். தலைப்பு வரியைக் கவர்ச்சியாக எழுதுவது பற்றி அது நிறையச் சொல்கிறது. சரி, ஆனால் மின்னஞ்சல் ஸ்பாமுக்குள் போய் விழுந்தால் அந்தத் தலைப்பை யார் பார்க்கப் போகிறார்கள்? ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புபவர்கள் மடல் உண்மையில் தங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சரிபார்ப்பு ஏற்பாடுகளையும் அமைத்திருக்க வேண்டும் என்பது 2024 பிப்ரவரியில் வந்த கூகுள் விதி. விளம்பர மடல்களில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் தர வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது ஆயிரத்தில் மூன்று பேர் எரிச்சலில் ஸ்பாம் பட்டனை அழுத்தினாலே சிக்கல்தான். இது தெரியாமல் 'அன்சப்ஸ்கிரைப்' சுட்டியைச் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ஒளித்து வைக்கிறார்கள். வழி கிடைக்காதவர் சும்மா இருப்பாரா? ஸ்பாம் என்று குறித்துவிட்டுப் போவார். விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியல் என்றால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம், ஓப்பன் ரேட்டை, அதாவது மடலைத் திறந்தவர்களின் விகிதத்தை வைத்து வெற்றியை அளக்கச் சொல்லியிருப்பது எனக்கு ஒப்பவில்லை. 2021-இல் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமை வசதி, பெறுபவர் மடலைத் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. படம் இறங்குவதை வைத்துத்தான் திறந்தவர்களை எண்ணுகிறார்கள் என்பதால், திறந்ததாகவே கணக்கில் ஏறிவிடும். கிளிக் செய்தவர்கள், பதில் போட்டவர்கள், வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.