அம்மாவின் எச்சிலும் ஐயாவின் கவலையும்

நேற்றிலிருந்து உள்பெட்டி முழுக்க அதே ஸ்கிரீன்ஷாட். பார்த்துவிட்டேன், இனி யாரும் அனுப்ப வேண்டாம். மரபணுச் சோதனைக்காக அம்மா குழாயில் எச்சில் துப்பும்போது நான் எடுத்த படத்தைப் போட்டு, "இருநூறு வருஷம் ஆகியும் இந்தியாவை மோப்பம் பிடிக்கிறார்கள்" என்று எனக்குத் தெரிந்த ஐயா ஒருவர் தன் பதிவில் எழுதியிருக்கிறார். கீழே சிரிப்புப் பொம்மைகள். போட்டதில் பாதிப் பேர் நம் ஆட்கள்.

ஐயா, நான் இந்தியாவைத் தேடவில்லை. என் அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், தங்கையைத் தேடுகிறேன்.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 525,000 பேர் அங்கே இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே இலங்கையில், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று மலையகத் தமிழர்களான எங்களைப் பங்கு பிரித்தார்கள். எங்கள் வீட்டில் அக்காவுக்கு இங்கே, தங்கைக்கு அங்கே. எழுபதுகளில் சின்ன அம்மாயி மலையகத்து அட்டனில் கோச்சி, அதாவது ரயில், ஏறினார். தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். போனவர்களுக்கென்றே தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை கிடைத்ததாக ஒரு கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. தோட்டத்து லயன் வீட்டுக் கூரை ஒழுகி அந்த நீலக் கடிதத்தில் மை பரவிவிட்டது. "நீலகிரி ஜில்லா" மட்டும்தான் இப்போது வாசிக்க முடிகிறது.

இதைத்தான் மோப்பம் என்கிறீர்கள்.

அம்மாவை ஏன் துப்ப வைத்தாய், நீ துப்பக் கூடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். சின்ன அம்மாயியின் பிள்ளைகள் அம்மாவுக்குச் சித்தி பிள்ளைகள். அவர்களுக்குள் மரபணு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு ஒத்துப்போகும். என் தலைமுறைக்கு இறங்கினால் அது முப்பத்திரண்டில் ஒன்றாகிவிடும். அதிலும் நம் வீடுகளில் மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கட்டி, தூரத்துச் சொந்தமும் கிட்டத்துச் சொந்தமாகக் காட்டும். அதனால் அம்மாதான் சரி. அவர்கள் பக்கத்திலும் யாராவது துப்பியிருந்தால்தான் பொருந்தும், அது எனக்கும் தெரியும். ஒரு பேரன் துபாயிலோ கனடாவிலோ இருக்க மாட்டானா?

துப்ப வைத்தது பெரிய கூத்து. அரை மணி நேரத்துக்கு முன்னால் தண்ணீர்கூடக் கூடாது; வெற்றிலை இல்லாமல் அம்மா அரை மணி நேரம் இருந்ததே சாதனை. நுரை கணக்கில் வராது, கோடு வரை எச்சில்தான் வேண்டும். கனடாவிலிருந்து அந்தக் குழாயைக் கொண்டுவந்த அத்தை மகன், "புளியங்காய நெனச்சுக்கங்க அத்தை" என்கிறான். அம்மா, "ஏன்டா, பஸ்ஸுல துப்புனா ஏசுறாங்க, இங்க துப்பச் சொல்லிக் கெஞ்சுறீங்க" என்றார். அந்தச் சிரிப்பைத்தான் படம் எடுத்தேன். அதைத்தான் ஐயா எடுத்துப் போட்டிருக்கிறார்.

"அமெரிக்கக் கம்பெனிக்கு ரத்தத்தை விற்கிறாய்" என்பவர்களுக்கு: சரி, நியாயமான பயம். 2023இல் டுவென்டி த்ரீ அண்ட் மீ என்ற அமெரிக்க மரபணுச் சோதனை நிறுவனத்தில் சுமார் 69 இலட்சம் பேரின் விவரம் கசிந்தது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டது. தெரிந்துதான் செய்கிறேன்.

"சாதி தேடுகிறாய்" என்பவர்களுக்கு: அந்தக் குழாய் சாதி சொல்லாது. அதற்கு லாப் எதற்கு, நம்ம கல்யாணத் தரகர் போதாதா?

"நம்மை இந்தியர் என்பவர்களுக்கு நீயே ஆயுதம் கொடுக்கிறாய்" என்பதுதான் ஐயாவின் பெரிய கவலை. 1948இல் எங்கள் குடியுரிமையைப் பறித்தவர்கள் யாருடைய எச்சிலைச் சோதித்தார்கள்? அப்பன் இங்கே பிறந்ததற்குக் காகிதம் கேட்டார்கள். இல்லையென்றால் அப்பனைப் பெற்ற தாத்தாவும் அவருடைய அப்பனும் இங்கே பிறந்ததற்கு. தாய்வழி கணக்கிலேயே இல்லை. என் அம்மாயியும் அவர் அம்மாவும் இங்கேதான் பிறந்தார்கள், அதை யாரும் கேட்கவில்லை. ஆயுதம் வேண்டியவன் என் அம்மாவின் எச்சிலுக்காகக் காத்திருக்க மாட்டான். அத்தை மகனின் சோதனை முடிவு முன்பே வந்துவிட்டது: வரைபடத்தில் தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே நிறத்தில், ஒரே கட்டத்துக்குள். நடுவில் கடல் இருப்பதே அந்தப் படத்துக்குத் தெரியாது. இதைக் காட்டி யாரை எங்கே அனுப்புவார்கள்?

ஐயா, உங்களுக்கு ஊர் இருக்கிறது, குலதெய்வக் கோயில் இருக்கிறது, பாட்டனார் பெயரில் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், இருக்கிறது. போன வருஷம் உங்கள் வம்சாவளியை அட்டை போட்டுப் புத்தகமாக வெளியிட்டீர்கள். கொழும்பில் விழா, பொன்னாடை. நானும் வந்து கை தட்டினேன். அது ஆய்வு. துண்டுச் சீட்டுகூட இல்லாத நாங்கள் தேடினால் மோப்பம். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே. என் நம்பர் உங்களிடம் இருக்கிறது. அம்மாவின் படத்தை நீக்கச் சொல்லி மூன்றாவது மனிதர் வழியாகச் சொல்லியும் இன்னும் நீக்கவில்லை.

சரி, அது கிடக்கட்டும். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் யாராவது இதை வாசித்தால்: இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து எழுபதுகளில் வந்த குடும்பம். மூன்று பெண் பிள்ளைகள், மூத்தவளுக்கு நெற்றியில் அடுப்புச் சுட்ட தழும்பு. உங்கள் லைன் வீடுகளில் அப்படி யாராவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள். அந்தப் பதிவுக்குக் கீழே போய் எழுதாதீர்கள்.