பாட்டிக்கு மொழிபெயர்த்தவளுக்கு பேண்ட் 3

மலேசியாவின் ஜெலுத்தோங்கில் பதினோரு ஆண்டுகளாக ஆங்கில டியூஷன் நடத்துகிறேன். பல்கலைக்கழகத்தில் சேர இங்கே எழுதும் ஆங்கிலத் தேர்வு மூயெட்; அதில் பெறும் தரநிலைக்குப் பெயர் பேண்ட். அதன் முடிவு வரும் நாளில் எனக்கும் நெஞ்சு படபடக்கும். இந்த முறை கோபம்தான் வந்தது.

என் மாணவி ஒருத்தி தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவள். பாட்டிக்குச் சிறுநீரகக் கோளாறு. மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதை அவள்தான் பாட்டிக்குத் தமிழில் எடுத்துச் சொல்வாள். டயாலிசிஸ் எதற்கு, உப்பை ஏன் குறைக்க வேண்டும், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பு என்று ஒவ்வொன்றாக. பாட்டி பயந்து கேட்பதையெல்லாம் மருத்துவரிடம் கேட்டுப் பதில் வாங்காமல் நாற்காலியை விட்டு எழ மாட்டாள். ஒருநாள் துணைக்குப் போயிருந்தேன். இரண்டு இடத்தில் இலக்கணம் தடுக்கியது. பொருள் ஓரிடத்திலும் தடுக்கவில்லை.

அவளுக்கு பேண்ட் 3. கட்டுரை முன்னுரையை வரிக்கு வரி மனப்பாடம் செய்த இன்னொரு பிள்ளைக்கு பேண்ட் 4. அந்தப் பிள்ளைமேல் குறையில்லை. முன்னுரையை எழுதிக் கொடுத்தவள் நான்.

1999-இல் தொடங்கிய இந்தத் தேர்வை எடுத்தெறிந்து பேச எனக்கு மனமில்லை. நீண்ட பகுதியைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறனை அது நன்றாகவே அளக்கிறது. அத்திறன் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் தடுமாறித்தான் போவார்கள். முன்பு வாசிப்புக்கு 40 விழுக்காடு, பேச்சுக்கு வெறும் 15. 2021 முதல் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் சமமாக 25. நல்ல மாற்றம். ஆனால் பேச்சுத் தேர்வின் தனியாகப் பேசும் பகுதியில் இரண்டு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் பேச வேண்டும். அதற்கும் டியூஷன் வகுப்புகளில் அச்சு வார்த்துவிட்டோம்: முதல் கருத்து, இரண்டாம் கருத்து, முடிவு.

மூயெட் பின்பற்றும் சி.இ.எஃப்.ஆர். என்ற ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவருக்குப் புரியும்படி எடுத்துரைப்பதும் மொழித்திறன்தான் என்று 2020-இல் வந்த அதன் துணைத்தொகுப்பு விரிவாகவே சொல்கிறது. மருத்துவமனையில் அவள் செய்தது அதுதானே! தேர்வின் நான்கு தாள்களில் எதிலும் அதற்கு இடமில்லை.

அவள் விரும்பும் படிப்புக்கு பேண்ட் 4 வேண்டுமாம். விண்ணப்பத்தை ஒதுக்கி வைப்பவர்கள் அதற்கு முன் பத்து நிமிடம் அவளோடு பேசிப் பார்க்கட்டும். ஒரு நோயைப் பற்றிக் கேட்கட்டும், ஒரு கடிதத்தைக் கொடுத்து அதில் உள்ளதை விளக்கச் சொல்லட்டும். இதைக் கேட்க எனக்குத் தயக்கமே இல்லை.

மறுதேர்வுக்குப் பதிந்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை மட்டும் வகுப்பு இல்லை. அன்று பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.