தலை வெளியே இருந்தால் பயமில்லையா?

"குழியில் மண் சரிந்தாலும் தலை வெளியே இருந்தால் பயமில்லை, கயிறு கட்டி இழுத்துவிடலாம்" என்றொரு பேச்சு திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு.

ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை தொன். நனைந்தால் இன்னும் கூடும். மூச்சை விடும்போது நெஞ்சு சுருங்கும், அந்த இடைவெளியில் மண் இறங்கி இறுகும், அடுத்த மூச்சுக்கு விலா விரியாது. வாய் திறந்திருந்தும் மூச்சு முட்டிச் சாகலாம். இழுத்தால் உடம்புதான் முறியும்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்துக் கடற்கரை மணல் ஈரத்தில் நிற்பதுபோலக் காட்டும். வெயில் ஏறியதும் உதிரும். ஒன்றரை மீட்டர் ஆழமென்றாலே பலகை முட்டு வேண்டும், இல்லாவிட்டால் பக்கங்களைச் சரிவாக வெட்டுங்கள். அள்ளிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பதும் (அதுதானே வழக்கம்!) கூடாது. அப்புறம், யாராவது புதைந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள், மறுபடி சரியும். தீயணைப்புப் படைக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 1990, இரண்டுக்கும் உடனே அழையுங்கள்.