சிஸ்டம் போட்ட வாடகை

வாடகை புதுப்பிப்புக் கடிதம் போன வாரம் வந்தது. 1,740 டாலர் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு இனிமேல் 1,985. நாலு வருஷமாக ஒரு மாதம்கூடத் தள்ளிப்போகாமல் கட்டியிருக்கிறோம். குளியலறை ஃபேன் செத்துப்போய், புகார் போட்டுப் போட்டு அலுத்து, கடைசியில் நானே ஒன்று வாங்கி மாட்டினேன். அந்த வீட்டுக்குத்தான் 245 டாலர் ஏற்றம்.

நேராக லீசிங் ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருக்கும் பெண் நல்ல மாதிரி. என் பையனைப் பார்த்தால் கூப்பிட்டுச் சாக்லேட் கொடுப்பார். மானிட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 12 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால் 1,985. 14 மாதம் என்றால் 1,910. 9 மாதம் என்றால் 2,160. "இதை நாங்கள் போடுவதில்லை, சிஸ்டம் போடுகிறது. தினமும் மாறும். என்னால் ஒரு டாலர்கூடக் குறைக்க முடியாது" என்றார். எதிர் பிளாக்கில் மூன்று வீடு இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறதே, அப்புறம் எப்படி வாடகை ஏறும் என்று கேட்டேன். பதில் இல்லை. அது என்ன சிஸ்டம் என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். பேரம் பேச எதிரே ஒரு மனிதர் இல்லை என்பதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

நான் இருப்பது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் பக்கம். வாடகை எவ்வளவு என்று சொல்லும் மென்பொருளை விற்கிற ரியல்பேஜ் என்கிற கம்பெனியின் தலைமை அலுவலகம் இதே பகுதியில், ரிச்சர்ட்சனில் இருக்கிறது. எங்கள் அபார்ட்மென்ட்டில் ஓடுவது அவர்கள் மென்பொருளா, வேறு யாருடையதா, எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வகை மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பது கோர்ட்டு வரை வந்துவிட்டது. ஒரே ஊரில் போட்டி போட வேண்டிய வீட்டு முதலாளிகள் உள்விவரத்தை ஒரே இடத்தில் கொட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. விளம்பரத்தில் போட்ட வாடகை இல்லை, உண்மையில் கையெழுத்தான வாடகை, கொடுத்த தள்ளுபடி, ஒப்பந்தம் முடியும் தேதி, எல்லாம். அதை அரைத்து அவரவர் வீட்டுக்கு மென்பொருள் விலை சொன்னது. அந்த 12, 14 மாத வித்தியாசத்துக்கும் காரணம் இருக்கிறது: ஒரே மாதத்தில் நிறைய வீடு காலியானால் வாடகையை இறக்க வேண்டி வரும், அதனால் காலியாகும் தேதிகளையே அது பிரித்து வைக்கிறது.

நம் ஊரில் ஏலத்துக்கு முன்னால் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்து ரேட் பேசிக்கொண்டால் சிண்டிகேட் என்போம். அமெரிக்காவில் அதைக் குற்றமாக்கிய ஷெர்மன் சட்டம் 1890-லேயே வந்துவிட்டது. டீக்கடை இடத்தில் கம்ப்யூட்டர் வந்தால் மட்டும் அது வேறு பெயரில் புனிதமாகிவிடுமா? கூட்டுக் களவாணித்தனம்தானே!

2022 அக்டோபரில் புரோபப்ளிகா என்கிற புலனாய்வுச் செய்தி நிறுவனம் இதை வெளியே கொண்டுவந்தது. அதில் படித்த ஒன்றை என்னால் மறக்கவே முடியவில்லை. ரியல்பேஜின் யீல்ட்ஸ்டார் மென்பொருளை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜெஃப்ரி ரோப்பர், கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டால் லீசிங் ஏஜென்டுகளுக்கு இரக்கம் அதிகம் என்கிறார். குறையாகச் சொல்கிறார்! அந்தச் சாக்லேட் கொடுக்கிற பெண் இருக்கிறாரே, அவரிடம் விட்டிருந்தால் நாலு வருஷக் குடித்தனக்காரன் என்று ஐம்பது டாலராவது குறைத்திருப்பார். அந்த ஐம்பதை அவர் கையிலிருந்து பிடுங்கியதுதான் இவர்கள் விற்கிற தொழில்நுட்பம். காலி வீட்டுக் கணக்கும் அப்படித்தான். 97, 98 சதவீதம் வீடு நிரம்பினால்தான் நிம்மதி என்று இருந்தவர்கள், 95 சதவீதம் வாக்கில் நிரம்பினாலே போதும், வாடகையை ஏற்றினால் லாபம் கூடும் என்று புரிந்துகொண்டதாக அந்தக் கம்பெனியின் தலைவரே முன்பு முதலீட்டாளர்களிடம் பேசியிருக்கிறார். வீடு பூட்டிக் கிடந்தாலும் பரவாயில்லையாம். வீடு தேடி அலைகிறவன் என்ன ஆனால் அவர்களுக்கு என்ன?

2024 ஆகஸ்டில் மத்திய நீதித் துறை எட்டு மாநிலங்களோடு சேர்ந்து ரியல்பேஜ் மேல் வழக்குப் போட்டது. 2025 ஜனவரியில் கிரேஸ்டார் உள்பட வாடகை வீடுகளை நடத்தும் ஆறு பெரிய நிறுவனங்களையும் வழக்கில் சேர்த்தது. இந்த மென்பொருளால் ஒரு குடும்பம் மாதம் சராசரியாக 70 டாலர் கூடுதலாகக் கட்டுகிறது என்று வெள்ளை மாளிகைப் பொருளாதார ஆலோசனைக் குழு 2024 டிசம்பரில் கணக்குப் போட்டது. சரி, கடைசியில் நியாயம் கிடைக்கும் என்று நம்பினேன்.

2025 நவம்பரில் நீதித் துறை ரியல்பேஜோடு சமரசம் செய்துகொண்டது. ஒரு சென்ட் அபராதம் இல்லை. தப்பு செய்தோம் என்று ஒப்புக்கொள்ளவும் தேவையில்லை. வெளியே தெரியாத வாடகை விவரம் 12 மாதமாவது பழசாக இருந்தால் மென்பொருளைப் பழக்க அதைப் பயன்படுத்தலாமாம்! மேற்பார்வைக்கு ஒருவரைப் போடுவார்கள், முதலாளி பார்க்காமலே விலையை ஏற்றுக்கொள்ளும் வசதிக்குக் கட்டுப்பாடு வரும். அவ்வளவுதான். குடியிருந்தவர்கள் தனியாகப் போட்ட வழக்கில் கிரேஸ்டார் 50 மில்லியன் டாலர் தர ஒத்துக்கொண்டது. கிட்டத்தட்ட 9 லட்சத்து 50 ஆயிரம் வீடுகளை நிர்வகிக்கிற கம்பெனி அது. வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று வகுத்துப் பாருங்கள். ஒரு மாத மளிகைக்குக் காணாது.

இந்த வகை மென்பொருளுக்குச் சான்ஃபிரான்சிஸ்கோ நகரம் 2024-லேயே தடை போட்டது. நியூயார்க் மாநிலம் 2025 அக்டோபரில் சட்டமே கொண்டுவந்தது. அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது?

வேறு இடம் பார்த்துப் போ என்று சுலபமாகச் சொல்கிறார்கள். எங்கே போவது? இரண்டு மைலுக்குள் நான்கு அபார்ட்மென்ட் விசாரித்தேன். நாலிலும் இதே பதில், இதே தினசரி ரேட், ஐம்பது அறுபது டாலர் முன்னே பின்னே. தள்ளிப் போனால் பையன் பள்ளிக்கூடம் மாற வேண்டும், மூன்றாம் வகுப்பில் இப்போதுதான் அவனுக்கு இரண்டு நண்பர்கள் கிடைத்திருக்கிறார்கள். என் மனைவி 14 மாதத்துக்கே போட்டுவிடலாம் என்கிறாள். நேற்று ராத்திரி மறுபடி இணையத்தில் திறந்து பார்த்தோம். 1,910 என்று காட்டிய அந்த 14 மாத வாடகை இப்போது 1,932.