மம்தானி பற்றிய ஃபார்வர்டு: எது சரி, எது தப்பு?

"இந்தியாவில் பிறந்தவர், எந்தப் பதவியும் வகித்ததில்லை, நேராக நியூயார்க் மேயர், அடுத்து அமெரிக்க அதிபர்" என்று சோரான் மம்தானி பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மேயர் என்பது மட்டும்தான் சரி.

அவர் பிறந்தது 1991இல், உகாண்டாவின் கம்பாலாவில். (அம்மா, இயக்குநர் மீரா நாயர், ஒடிசாக்காரர், குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.) ஏழு வயதில் நியூயார்க் வந்தார், 2018இல் குடியுரிமை பெற்றார். 2020இல் குயின்ஸின் அஸ்டோரியாவிலிருந்து மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வாகி, அப்புறம் இரண்டு முறை மறுபடியும் ஜெயித்தார். 2021இல் கடனில் மூழ்கிய டாக்சி ஓட்டுநர்களோடு 15 நாள் உண்ணாவிரதம் இருந்ததும் சட்டமன்ற உறுப்பினராகத்தான்.

அதிபர் கதையா? பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகனாக இருப்பவர்தான் அதிபராக முடியும் என்கிறது அந்நாட்டு அரசியல் சாசனம்.